எத்தனை மடங்கு என்பது கடைசிக் கேள்வி: நுண்ணறுவையில் உருப்பெருக்கக் கருவியைத் தேர்ந்தெடுப்பது

மறுசீரமைப்பு நுண்ணறுவைக்குக் கருவி வாங்கும் பேச்சு பெரும்பாலும் ஓர் எண்ணில் தொடங்கி அதே எண்ணில் முடிந்துவிடுகிறது. மூன்றரை மடங்கா, ஐந்தா, இருபத்தைந்தா? விற்பனைத் தாளிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் அறுவை மேசையில் ஒரு கருவி கைகொடுக்குமா, காலை வாருமா என்பதை முடிவு செய்பவை வேறு: கண்ணாடிக்கும் காயத்துக்கும் இடையிலான வேலைத் தூரம், ஒரே பார்வையில் அடங்கும் புலத்தின் அகலம், மேலும் கீழுமாக எவ்வளவு தூரம் கூர்மையாகத் தெரியும் என்கிற குவிய ஆழம், வெளிச்சம். இவை பொருந்திய பிறகுதான் மடங்கைப் பற்றிப் பேச வேண்டும். வரிசையைத் தலைகீழாக்கி வாங்கிய லூப் (மூக்குக்கண்ணாடிபோல மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி) சில மாதங்களில் கழுத்துவலியோடு பெட்டிக்குள் போய்விடும். மைக்ரோஸ்கோப்பாக இருந்தால் அறையின் மூலையில் உறை போர்த்தி நிற்கும்.

பார்க்க வேண்டியது எவ்வளவு சிறியது?

1 மி.மீ. விட்டமுள்ள தமனி ஒன்றை எடுத்துக்கொள்வோம்; அதன் வெட்டுமுனையை இன்னொரு குழாயின் முனையோடு தைத்து இணைக்க வேண்டும். அதன் சுற்றளவு ஏறத்தாழ 3.1 மி.மீ. எட்டுத் தையல் போட்டால் ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.4 மி.மீ. ஊசி விளிம்பிலிருந்து சுவரின் தடிமனைப் போல ஒரு பங்கோ இரண்டு பங்கோ தள்ளி நுழைய வேண்டும். அதாவது, 0.1 முதல் 0.3 மி.மீ. அந்த ஊசியே 75 அல்லது 100 மைக்ரான் தடிமன் கொண்டது. பின்னால் வரும் 10-0 அளவுத் தையல் இழை 20 முதல் 29 மைக்ரான். 9-0 என்றால் 30 முதல் 39, 11-0 என்றால் 10 முதல் 19.

சாதாரணக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 40 செ.மீ. தூரத்தில் அது 0.12 மி.மீ. வெறுங்கண்ணுக்கு 10-0 இழை தெரியத்தான் செய்யும், ஒரு கோடாக. ஆனால் அது சுவரின் முழுத் தடிமனையும் பிடித்திருக்கிறதா, உள்படலமான இன்டிமா மடங்கிக் கிடக்கிறதா, எதிர்ச் சுவரையும் சேர்த்துக் குத்திவிட்டோமா என்பது தெரியாது. இணைப்பில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் தொழில்நுட்பக் காரணங்களில் முக்கியமானவை இவைதான். ஆகவே, 'இழை தெரிகிறதே' என்பது அளவுகோல் ஆகாது. குழாயின் வெட்டு விளிம்பில் மூன்று படலங்களையும் தனித்தனியாகப் பார்க்க முடிகிறதா என்பதே அளவுகோல்.

கை ஒருபோதும் முதல் தடையாக இருந்ததில்லை. 1921-ல் கார்ல் ஒலோஃப் நைலேன் ஸ்டாக்ஹோமில் ஒற்றைக் கண் நுண்ணோக்கியைக் காது அறுவைக்குக் கொண்டுவந்தார். 1953-ல் ஸைஸ் நிறுவனத்தின் ஓபிஎம்ஐ 1 வந்தது. 1960-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஜேக்கப்சனும் சுவாரெஸும் அப்படியொரு கருவியின் கீழ் 1.4 மி.மீ. அளவுக்குச் சிறிய குழாய்களை இணைத்துக் காட்டினார்கள். 1965-ல் ஜப்பானில் கோமாட்சுவும் தமாயும் முற்றாகத் துண்டான கட்டைவிரலை ஒட்டவைத்தார்கள். கண் பார்த்த அளவுக்குக் கையும் நுணுக்கமாக இயங்கியது. பார்வையின் வரம்பு விரியும்போது கையும் அதைப் பின்தொடர்ந்தது. இன்று 0.3 முதல் 0.8 மி.மீ. வரையுள்ள குழாய்களில் நடக்கும் சூப்பர் மைக்ரோசர்ஜரி வரைக்கும் இதே கதைதான்.

ஐந்தும் ஐந்தும் சமமல்ல

லூப்பில் எழுதியிருக்கும் 5 மடங்கும் மைக்ரோஸ்கோப்பில் காட்டும் 5 மடங்கும் ஒன்றல்ல. இதைக் கவனிக்காமல் ஒப்பிடுபவர்கள் நிறைய. மைக்ரோஸ்கோப்பின் கணக்கு, 25 செ.மீ. தூரத்தில் வைத்து வெறுங்கண்ணால் பார்ப்பதை அடிப்படையாகக் கொண்டது. லூப்பின் கணக்கு பொதுவாக அந்த லூப்பின் வேலைத் தூரத்திலேயே வெறுங்கண்ணால் பார்ப்பதோடு ஒப்பிடுகிறது. 40 செ.மீ. தூரத்துக்கான 5 மடங்கு லூப்பைவிட 5 மடங்கில் வைத்த மைக்ரோஸ்கோப் பொருளை 1.6 பங்கு பெரிதாகக் காட்டும். லூப்பில் பழகியவருக்கு மைக்ரோஸ்கோப்பின் மிகக் கீழ்ப்படியிலேயே எல்லாம் பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இது.

மைக்ரோஸ்கோப்பின் மொத்தப் பெருக்கம் எளிய பெருக்கல் கணக்கு. கண்ணோக்கிக் குழலின் குவிய நீளத்தை அப்ஜெக்டிவின் (காயத்தை நோக்கிய வில்லை) குவிய நீளத்தால் வகுத்து, ஐபீஸின் (கண் வைக்கும் வில்லை) மடங்கால் பெருக்கி, ஜூம் காட்டும் காரணியால் பெருக்க வேண்டும். குழல் 170 மி.மீ., அப்ஜெக்டிவ் 200 மி.மீ., ஐபீஸ் 12.5 மடங்கு, ஜூம் 0.4 முதல் 2.4 வரை என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 4.25 முதல் 25.5 மடங்கு. அதே கருவியில் அப்ஜெக்டிவை 300 மி.மீ. ஆக்கினால் 2.8 முதல் 17 வரைதான். வேலைத் தூரம் கூடியதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தூரத்தை மாற்றிக்கொள்ளும் வேரியோ அப்ஜெக்டிவ் உள்ள கருவிகளிலும் இதேதான் நடக்கிறது. ஆகவே, விற்பனையாளர் 'அதிகபட்சம் இவ்வளவு' என்று சொல்லும்போது எந்தத் தூரத்தில், எந்த ஐபீஸோடு என்று கேட்காமல் விடக்கூடாது.

புலமும் இதே கணக்கில் அடங்கும். ஐபீஸுக்குள் அடங்கும் படத்தின் விட்டமான புல எண் 18 மி.மீ. என்றால், மேலே சொன்ன 200 மி.மீ. அமைப்பில் மிகக் குறைந்த மடங்கில் 53 மி.மீ. வட்டம் தெரியும். நடுவில் 21 மி.மீ., உச்சத்தில் 9 மி.மீ.க்கும் குறைவு. அந்த 9 மி.மீ. வட்டத்துக்குள் குழாயை அடைத்துப் பிடிக்கும் இரட்டைக் கிளாம்ப், ஊசி பிடிக்கும் முனை, ஃபோர்செப்ஸ் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. ஊசி எங்கே போயிற்று என்று தேடுவதிலேயே நேரம் கரையும். ஓரிடத்தில் ஊசியைக் கண்டுபிடித்து எடுத்து, மீண்டும் விளிம்புக்குக் கொண்டுவருவதற்குள் இழை எங்காவது சிக்கியிருக்கும்.

குவிய ஆழம் இன்னும் கொடிது. மடங்கு இரட்டிப்பானால் ஆழம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. வெளிச்சமும் அப்படியே குறையும். உயர்ந்த மடங்கில் குழாயின் முன்சுவர் தெளிவாக இருக்கும்போது பின்சுவர் மங்கல். சில கருவிகளில் ஒளித்துளையைச் சுருக்க உள்ள இரட்டை ஐரிஸை மூடினால் ஆழம் கூடும், ஆனால் படம் இருட்டும். சாதாரண அறுவை நுண்ணோக்கியின் ஒளித்துளை சிறியது. எனவே, 25, 30 மடங்கைத் தாண்டினால் படம் பெரிதாகுமே தவிரப் புதிய விவரம் எதுவும் சேராது. 40 மடங்கையும் தாண்டும் தனிக் கருவிகள் இருக்கின்றன. பெரிய துளையும் அதற்கேற்ற ஒளியும் வைத்துக் கட்டியவை அவை, நிணநீர்க் குழாய் வேலைக்கானவை. மற்றவர்களுக்குத் தேவையில்லை.

லூப்: எங்கே போதும், எங்கே போதாது

லூப்பில் இரண்டு குடும்பங்கள். குவிவில்லை முன்னாலும் குழிவில்லை பின்னாலும் வைத்த கலிலியன் வகை குட்டையானது, எடை குறைவு, 2 முதல் 3 மடங்கு வரை நன்றாக வேலை செய்யும். அதைத் தாண்டினால் புலம் சுருங்கி ஓரங்கள் மங்கும். கெப்ளர் வகையில் தலைகீழ்ப் படத்தை நிமிர்த்த உள்ளே பட்டகம் இருக்கும். அதனால்தான் கடைப்பேச்சில் அது 'பிரிஸ்மாட்டிக்'. 3.5 முதல் 6 மடங்கு, சில 8 வரை. ஓரம் வரை படம் கூர்மையாக இருக்கும். நீளமும் எடையும் கூடும்.

ஃபிளாப் (வேறிடத்தில் வைக்க இரத்தக்குழாயோடு எடுக்கும் திசுத்துண்டு) எடுப்பதற்கும் தசைக்குள் துளைத்துவரும் சிறு குழாய்களான பெர்ஃபொரேட்டர்களைப் பிரிப்பதற்கும் லூப்தான் சரியான கருவி. காயம் பெரியது, கோணம் அடிக்கடி மாறும், மைக்ரோஸ்கோப்பை இழுத்துக்கொண்டே இருக்க முடியாது. 2.5 மடங்கில் தோலும் தசையுறையும் வசதியாகத் தெரியும். பெர்ஃபொரேட்டர் தசைக்குள் இறங்கும் இடத்தில் பிரியும் கிளைகளைக் கட்ட 3.5 அல்லது 4.5 வேண்டும்.

முழு இணைப்பையும் லூப்பிலேயே செய்பவர்கள் உண்டு. 1990களில் வெளியான ஒப்பீடுகளில், அனுபவமுள்ள கைகளில், 1.5 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய்களில் லூப்புக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் ஃபிளாப் பிழைக்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதே ஒப்பீடுகளிலேயே குழந்தைகளுக்கும் அதைவிடச் சிறிய குழாய்களுக்கும் மைக்ரோஸ்கோப் வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. முதல் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுவது வழக்கம். பயிற்சி நிலையில் இருப்பவர் லூப்பில் இணைப்புக் கற்றுக்கொள்வதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். தவறு நடந்தால் அது தவறு என்றே தெரியாது. பக்கத்தில் நிற்கும் மூத்தவருக்கும் அவர் பார்ப்பது தெரியாது.

ஆனால் ஓரிடத்தில் லூப்பின் பக்கம் நியாயம் இருக்கிறது: மார்பகச் சீரமைப்பில் மார்பு உள் தமனியோடு இணைப்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எழுந்து தாழ்கிறது. 16 மடங்கில் குழாய் குவியத்துக்குள் வந்து வந்து வெளியேறும். மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவர்களும் இங்கே 6 முதல் 8 மடங்குக்கு இறங்கி, மூச்சின் அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி மயக்க மருத்துவரிடம் கேட்பார்கள். குழாயோ பெரும்பாலும் 2 மி.மீ.க்கு மேல். சிரைக்கு வளைய இணைப்பான் போட்டுவிட்டால் தையல் தமனிக்கு மட்டும்தான். இப்படியொரு சூழலில் 4.5 அல்லது 5 மடங்கு லூப் மைக்ரோஸ்கோப்புக்குப் பின்தங்கிவிடுவதில்லை.

அளவெடுப்பில் கவனிக்க வேண்டியவை. வேலைத் தூரத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு அளக்கக்கூடாது. அறுவை மேசையை வழக்கமான உயரத்தில் வைத்து, வழக்கம்போல நின்று அல்லது அமர்ந்து, முழங்கை உடலை ஒட்டியிருக்க, கண்ணிலிருந்து காயத்துக்கு இன்னொருவர் அளக்க வேண்டும். தூரம் குறைவாக வந்துவிட்டால் லூப் உங்களைக் குனிய வைக்கும். படம் தெளிவாகும் இடத்துக்குத் தலைதான் இறங்க வேண்டும், வேறு வழி இல்லை. அடுத்தது சாய்வுக் கோணம். குழல்கள் போதிய அளவு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் கழுத்து 20 பாகைக்கு மேல் வளைய வேண்டியதில்லை. கண்ணாடியில் துளையிட்டு ஒட்டும் வகை கண்ணுக்கு அருகில் இருப்பதால் புலம் அகலம், எடையும் குறைவு. ஆனால் கோணமும் கண்ணிடைத் தூரமும் செய்யும்போதே நிலைத்துவிடும், பார்வை மாறினால் கருவியையே திருப்பி அனுப்ப வேண்டும். மடக்கித் தூக்கும் வகையில் எல்லாவற்றையும் திருத்திக்கொள்ளலாம். ஆனால், அது எடை கூடியது, மூக்கில் அழுத்தும், கீல் தேய்ந்தால் இரு கண் படங்களும் ஒன்றுசேராமல் தலைவலி தரும். நாற்பதைத் தாண்டியவர், வெள்ளெழுத்து மாறிக்கொண்டிருப்பவர், இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பார்வைக் கோட்டையே பட்டகத்தால் வளைத்து, தலை நிமிர்ந்தபடி காயத்தைப் பார்க்க வைக்கும் புது வகை லூப்கள் வந்துள்ளன. கழுத்துக்கு அவை உண்மையான நிவாரணம். ஆனால் கண் பார்க்கும் திசையும் கை இருக்கும் திசையும் பிரிந்துவிடுவதால் பழக வாரங்கள் ஆகும். குழலுக்கு வெளியே பார்த்தால் காயமே தெரியாது என்பதால் கருவி வாங்கும் கையும் தடுமாறும்.

தலைவிளக்கு இல்லாமல் 3.5-க்கு மேல் போவது வீண். விளக்கின் அச்சு லூப்பின் அச்சுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. விலகினால் ஆழமான குழிக்குள் நிழல் விழும். லக்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிய எல்இடி பல நேரம் நீலம் கலந்த வெண்மையில் கண்ணைக் கூசவைக்கும். சிவப்பின் வேறுபாடுகளை அது தட்டையாக்கிவிடும். சிரையையும் தமனியையும், கசிந்த இரத்தத்தையும் சுவருக்குள் பரவிய இரத்தத்தையும் பிரித்தறிய வேண்டிய வேலையில் இது சின்னக் குறை அல்ல. நிறம் காட்டும் தரக் குறியீட்டில் ஆழ்சிவப்புக்கான ஆர்9 மதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மைக்ரோஸ்கோப்: மடங்கை விட மேசையைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பது முக்கியம்

விரல் ஒட்டுதல், 1.5 மி.மீ.க்குக் கீழான குழாய்கள், நரம்புக் கட்டுகளின் இணைப்பு, நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைப்பது என்று வந்துவிட்டால் மைக்ரோஸ்கோப்புக்கு மாற்று இல்லை. ஆனால் எல்லா மைக்ரோஸ்கோப்பும் இந்த வேலைக்கு ஆகாது. காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இருந்து கடன் வாங்கிய கருவியில் உதவியாளர் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணில் பார்ப்பார். நுண்ணறுவையில் உதவியாளர் எதிரே அமர்ந்து, அதே ஒளிப்பாதையில், முழு முப்பரிமாணத்தோடு பார்த்தாக வேண்டும். அவர் குழாயைத் திருப்பிப் பிடிக்கிறார், நீர் பீய்ச்சுகிறார், இழையை வெட்டுகிறார். ஆழம் தெரியாமல் வெட்டும் கத்தரிக்கோல் முடிச்சையே வெட்டிவிடும். எனவே, முதல் நிபந்தனை 180 பாகையில் எதிரெதிர் இரட்டைக் கண்ணோக்கிகள். அவை இரண்டும் தனித்தனியாகச் சாய வேண்டும், சுழல வேண்டும். கையின் உள்பக்கத்திலிருந்து முதுகுப்பக்கத்துக்கு மாறும்போது அதன் அருமை தெரியும்.

இப்படிப் பிரிப்பதற்கு விலை உண்டு. பீம் ஸ்பிளிட்டர் ஒளியைப் பங்கு போடும்: எதிரே இருப்பவருக்குப் பாதி, கேமராவுக்கு இன்னொரு பங்கு. உச்ச மடங்கில் படம் இருட்டாக இருக்கிறது என்று செனான் விளக்கைக் கூட்டினால் திசு காயும். குறைந்த வேலைத் தூரம், அதிக ஒளி, நீண்ட நேரம் மூன்றும் சேர்ந்து தோலைச் சுட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஒளிவட்டம் புலத்தைவிடப் பெரிதாக இருந்தால் சூடுபட்ட இடம் ஐபீஸில் தெரியவே தெரியாது. ஜூமோடு சேர்ந்து வட்டம் சுருங்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வேலையின்போது ஒளியைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் திசுவை நனைத்துக்கொண்டே இருங்கள்.

வேலைத் தூரம்: விரலுக்கு 200 மி.மீ. போதும். தலை, கழுத்து, மார்பு, காறை எலும்புக்கு மேல் உள்ள நரம்புப் பின்னல் ஆகியவற்றுக்கு 250 முதல் 300 வேண்டும், இல்லையென்றால் நீண்ட கருவிகளின் பிடி அப்ஜெக்டிவின் உறையில் இடிக்கும், இரத்தத் துளியும் கண்ணாடியில் தெறிக்கும். இரண்டு வகை வேலையும் நடக்கும் இடமென்றால் வேரியோ அப்ஜெக்டிவ் ஆடம்பரம் அல்ல.

தாங்கியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 20 மடங்கில் கருவியின் அதிர்வும் 20 மடங்காகத் தெரியும். கைப்பிடியைத் தட்டிவிட்டு, படம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது விலைப்பட்டியலின் பத்துப் பக்கங்களைவிடப் பயனுள்ள சோதனை. கேமராவோ இரண்டாவது கண்ணோக்கியோ மாட்டிய பிறகு சமநிலையைத் திரும்பச் செய்யாவிட்டால் பிரேக்கை விட்டதும் தலை மெல்ல இறங்கும். காயத்தின் மேல் அது இறங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

கருவி எவ்வளவு நல்லதானாலும் ஐபீஸைக் கண்பார்வைக்கேற்பத் திருத்தும் டையாப்டர் சரியில்லை என்றால் ஜூம் மாற்றும் ஒவ்வொரு முறையும் குவியம் போய்விடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு ஐபீஸிலும் டையாப்டரைச் சுழியத்தில் வையுங்கள். கண்ணிடைத் தூரத்தை, இரண்டு வட்டங்களும் ஒன்றாகும்வரை திருத்துங்கள். தட்டையான காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, உச்ச மடங்கில் பெடலால் கூர்மையாக்குங்கள். இனிப் பெடலைத் தொடாதீர்கள். ஜூமை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். ஒரு கண்ணை மூடி, திறந்த கண்ணின் டையாப்டரைப் பிளஸ் பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, மெல்ல மைனஸ் நோக்கி வந்து, படம் முதன்முதலாகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். மறு கண்ணுக்கும் அதையே செய்யுங்கள். பிளஸ் பக்கமிருந்து வருவது ஏனென்றால், மறுபக்கமிருந்து வந்தால் இளம் கண்கள் தாமாகவே குவியத்தை இழுத்துக்கொண்டு பொய்யான தெளிவைக் காட்டும். இரண்டு மணிநேரம் கழித்து அது கண்ணெரிச்சலாகத் திரும்பும். கிடைத்த எண்களைக் குறித்துவைத்தால் அடுத்த முறை அரை நிமிட வேலை. எதிரே அமர்பவரும் இதைச் செய்திருக்க வேண்டும். பயிற்சி மருத்துவர் 'எனக்கு மங்கலாகத்தான் தெரியும்' என்று அறுவை முழுவதும் பொறுத்துக்கொண்டிருப்பது பரவலான, தேவையற்ற துன்பம்.

ஒரே இணைப்புக்குள் மடங்கு ஏறி இறங்க வேண்டும். குழாயைச் சுத்தம் செய்து வெளிப்படலத்தைச் சீவ 6 முதல் 10. ஊசி நுழைக்க 10 முதல் 16. முடிச்சுப் போடக் கொஞ்சம் கீழே இறங்கலாம், இழையின் வால் தெரிய வேண்டுமே. கடைசித் தையல்களுக்கு முன் உள்ளே எட்டிப்பார்க்கவும், இன்டிமாவில் பிளவோ தளர்ந்த படலமோ இருக்கிறதா என்று ஆராயவும் 16 முதல் 25. நிணநீர்க் குழாய்க்கு மட்டும் முழு வேலையும் 20-க்கு மேல். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மடங்கில் செய்பவரின் ஜூம் பெடல் எட்டாத இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதை நகர்த்தி வையுங்கள்.

ஒளிர்வுப் படம் தேவையா? இண்டோசயனின் கிரீன் சாயம் 800 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சி 830-ஐ ஒட்டி ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் படமாக்கும் வசதி உள்ள மைக்ரோஸ்கோப்பில் இணைப்பு வழியாக இரத்தம் போவதை அங்கேயே பார்க்கலாம், நிணநீர்க் குழாயையும் தேடலாம். நிணநீர் வேலை வழக்கமாக நடக்கும் இடத்துக்கு இது அவசியம். ஃபிளாப்பின் தோலுக்கு இரத்தம் பாய்வதைப் பார்க்க மட்டும் என்றால் தனிக் கைக் கேமராவே போதும். அதற்காக மைக்ரோஸ்கோப்பின் விலையை ஏற்ற வேண்டாம்.

எக்ஸோஸ்கோப்: கழுத்துக்கு நல்லது, மற்றவற்றை அளந்து பாருங்கள்

ஐபீஸே இல்லாமல், காயத்துக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டு, முப்பரிமாணத் திரையைப் பார்த்து அறுவை செய்வது எக்ஸோஸ்கோப். கார்ல் ஸ்டோர்ஸின் விட்டோம், ஒலிம்பஸின் ஆர்ப்ஐ போன்றவை இந்த வகை. ஆர்ப்ஐயின் வேலைத் தூரம் 220 முதல் 550 மி.மீ. வரை நீள்கிறது. தலை சிறியது, மேசைக்கு மேல் இடம் விடுகிறது. நிமிர்ந்து உட்காரலாம். அறையில் உள்ள எல்லோரும் அறுவை செய்பவர் பார்ப்பதையே பார்க்கிறார்கள். கற்பிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சிக்கல் எதிரே அமரும் உதவியாளரிடம்தான் தொடங்குகிறது. அவருக்கும் ஒரே திரை என்றால் அவருடைய கை வலப்பக்கம் போகும்போது திரையில் இடப்பக்கம் போகும். தீர்வு, 180 பாகை திருப்பிய படத்தோடு இரண்டாவது திரை. படத்தைத் திருப்பும்போது இடக்கண், வலக்கண் படங்களையும் இடம் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆழம் தலைகீழாகிப் பள்ளம் மேடாகத் தெரியும். இது கருவியிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். 90 பாகையில் அமர்பவருக்குச் சரியான முப்பரிமாணத்தை இந்த வழியில் தரவே முடியாது.

திரையும் கவனிக்க வேண்டியது. கண்ணாடி மாட்டிப் பார்க்கும் முப்பரிமாணத் திரைகளில் வரி விட்டு வரி ஒரு கண்ணுக்குப் போகும் வகை பரவலானது. 4கே என்று சொன்னாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைப்பது பாதி வரிகளே. திரைக்கு மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் இரட்டைப் படம் தெரியும். ஆகவே, திரையின் மையம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அடுத்தது தாமதம். கை அசைந்து திரையில் தெரிவதற்குள் பத்தில் ஒரு நொடியை நெருங்கினாலே ஊசி நுனி தயங்கத் தொடங்கும். உச்ச மடங்கில் எவ்வளவு ஒளியியல் ஜூம், எவ்வளவு டிஜிட்டல் ஜூம் என்பதையும் பிரித்துக் கேளுங்கள். டிஜிட்டல் பங்கு 10-0 தையலில் ஒன்றும் உதவாது. இரத்தம் தேங்கிய காயத்தில் சிவப்பு நிரம்பி விவரம் கரைவது இன்னொரு குறை. 1 மி.மீ.க்கு மேலுள்ள குழாய்களுக்கு இன்றைய எக்ஸோஸ்கோப் போதும் என்பது எங்கள் கணிப்பு. அதற்குக் கீழே நல்ல மைக்ரோஸ்கோப்பின் படத்தையே நம்புகிறோம்.

வாங்குவதற்கு முன் மேசையில் செய்ய வேண்டியவை

லூப்பின் உண்மையான மடங்கை வீட்டிலேயே அளக்கலாம். வரைபடத் தாளை வேலைத் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணால் லூப் வழியாகவும் மறு கண்ணால் வெறுமனேயும் ஒரே நேரத்தில் பாருங்கள். லூப்பில் தெரியும் ஒரு கட்டம் வெறுங்கண்ணில் எத்தனை கட்டங்களை மூடுகிறதோ அதுவே மடங்கு. தாளில் எழுதியதோடு அது எப்போதும் ஒத்துப்போகாது. புலத்தின் அகலத்தை அதே தாளில் எண்ணிவிடலாம், ஆனால் ஓரக் கட்டங்களும் கூர்மையாக, நிறச் சாயல் இல்லாமல் தெரிகிறதா என்று பார்த்து எண்ணுங்கள். குவிய ஆழத்துக்கு மி.மீ. அளவுகோலை 45 பாகையில் சாய்த்து வைத்து, கூர்மையாகத் தெரியும் நீளத்தை 0.7-ஆல் பெருக்குங்கள்.

மைக்ரோஸ்கோப்பையும் எக்ஸோஸ்கோப்பையும் சோதிக்கக் காட்சி அறையின் அச்சிட்ட அட்டை போதாது. அச்சு எழுத்து எதிலும் அழகாகத் தெரியும். கோழித் தொடைத் தமனியைக் கொண்டுபோய், இரு முனைகளையும் 10-0 இழையால் இணையுங்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து, உறை போர்த்தி, நீர் பீய்ச்சிக்கொண்டு. உறையின் கண்ணாடி சாய்வாக இல்லாவிட்டால் விளக்கின் பிரதிபலிப்பு படத்தின் நடுவில் வெண்புகைபோலத் தெரியும், உறை போடாத காட்சியில் அது தெரியவே தெரியாது. இணைத்து முடித்ததும் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்பக்கத்திலிருந்து தையல்களைப் பாருங்கள். எதிர்ச் சுவரைப் பிடித்த தையல், பாதிச் சுவரைப் பிடித்த தையல் எல்லாம் அங்கே கணக்குக் காட்டும். ஒரே ஆள், ஒரே நாளில், இரண்டு கருவிகளில் செய்து ஒப்பிட்டால் விவாதம் முடிந்துவிடும்.

கடைசியாகப் பழுது. விளக்கு எரிந்தால் மாற்று விளக்குக்குக் கைப்பிடியால் மாற முடிகிறதா, கிருமி நீக்கிய பகுதிக்கு வெளியிலிருந்து யாராவது வர வேண்டுமா? மின்சாரம் போனால் குவியத்தையும் ஜூமையும் கையால் திருப்பும் குமிழ்கள் இருக்கின்றனவா? எக்ஸோஸ்கோப்பில் பொதுவாக இந்தக் குமிழ்கள் இருக்காது, திரை போனால் எல்லாமே போய்விடும். ஆகவே, எந்தக் கருவியை வாங்கினாலும் 4.5 மடங்குக்குக் குறையாத லூப்பும் மின்னூட்டம் ஏற்றிய தலைவிளக்கும் முற்றாகப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைக்கும் ஒவ்வொரு ஃபிளாப் அறுவையிலும் அறைக்குள் இருக்க வேண்டும், அலமாரியில் அல்ல. இணைப்பின் நடுவில் கருவி நின்றுவிட்டால், கிளாம்ப்பைத் தொடாமல், குழாயை ஈரத்துணியால் மூடி, நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மைக்ரோஸ்கோப் சில நிமிடங்களில் திரும்பாவிட்டால் லூப்பை மாட்டிக்கொண்டு, மீதமுள்ள தையல்களை இடைவெளி கொஞ்சம் நெருக்கமாகப் போட்டு முடித்துவிடலாம்.